ஏழாவது குட்டி

சமையலறை மூலையில், அடுப்புச் சூட்டுக்கு ஒண்டி, பாக்ஸர் நாய் ஆஸ்டா ஏழு குட்டிகளோடு கிடக்கிறது. மத்தியான வெயில் ஜன்னல் வழியே ஏழு செம்பழுப்பு முதுகுகளின் மீதும் விழுகிறது. ஏழாவது, பிறக்கும்போது வெள்ளை. வெள்ளைக் குட்டி உயிரோடு இருக்கக் கூடாதென்பது நாய் வளர்ப்போர் சங்கத்தின் சட்டம். போன ஈற்றில் இரண்டை, சங்கத்துக் கண்காணிப்பாளர் டோர்ன்ஸைஃப் இதே சமையலறையில் வாளித் தண்ணீரில் அமுக்கினார். அதனால்தான் ஆஸ்டாவை வளர்க்கும் வால்புர்கா இன்று காலை செங்கல் பொடியைப் பன்றிக்கொழுப்பில் குழைத்து ஏழாவதன் மேல் பூசியிருக்கிறாள். இந்த ஈற்றைச் சோதிக்க வந்த டோர்ன்ஸைஃப் எட்ட நின்று எண்ணிவிட்டு, மேசையில் உட்கார்ந்து காப்பியை ஊதுகிறார்.

“ஏழும் நல்ல நிறம். இந்தத் தடவை தப்பிச்சீங்க.”

“உங்க வாய் முகூர்த்தம்தாங்க. இன்னொரு துண்டு கேக் வைக்கட்டுமா?”

மூலையில் சளப் சளப்பென்று சத்தம் கேட்கிறது. கொழுப்பின் ருசி கண்ட ஆஸ்டா, ஏழாவதை முன்னங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு நக்குகிறது. முதலில் தோள் வெளுக்கிறது, பிறகு முதுகு. வால்புர்கா பாத்திரங்களைக் கடகடவென்று உருட்டுகிறாள். மழை ஏன் இன்னும் வரவில்லை என்று சம்பந்தமில்லாமல் கேட்கிறாள். டோர்ன்ஸைஃப் மூலைப் பக்கம் திரும்புகிறார். கோப்பையை மெல்லக் கீழே வைக்கிறார்.

“ஏம்மா, அந்த வாளி எங்க?”

வாளி இருக்கும் கதவுப் பக்கம் அவள் கை நீள்கிறது. ஆஸ்டா எழுந்து, குட்டை வாலை ஆட்டிக்கொண்டு, பளிச்சென்று துலங்கிவிட்ட தன் பிள்ளையை மூக்கால் தள்ளித் தள்ளி அவருடைய பூட்ஸ் அருகே கொண்டுவந்து காட்டுகிறது.