நண்டுக்கு நடந்த அடக்கம்

மனைவி ஊர் திரும்ப ஒரு நாள்தான் பாக்கி. ஆராய்ச்சிக்காக அவள் வீட்டில் வளர்த்த கடல் நண்டு, தொட்டியின் நடுவே அசையாமல் கிடந்தது.

"போச்சு மாப்ள. உங்க அக்கா என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா," என்றான் கணவன்.

மச்சினன் இடுக்கியால் அதைத் தூக்கினான். "என்ன மாமா, எடையே இல்ல?"

"ஒரு வாரமா அன்ன ஆகாரம் தொடல. இளைச்சிருக்கும், பாவம்."

பூந்தொட்டியில் அடக்கம் முடிந்தது. இருவரும் சந்தைக்கு ஓடி, அதே ஜாதியில் உயிருள்ள நண்டு ஒன்றை வாங்கிவந்து தொட்டியில் விட்டார்கள். அதன் கொடுக்குகளில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தது.

"கழட்டு மாப்ள."

"பெரியவங்க நீங்க இருக்கும்போது நான் எப்படி மாமா?"

மறுநாள் வந்தவள் நேராகத் தொட்டியருகே போனாள். "யாரு இது, கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது?"

கணவன் எல்லாவற்றையும் உளறிக் கொட்டினான். அவள் டார்ச்சை எடுத்துத் தொட்டிக்குள் இருந்த கல்லிடுக்கில் அடித்தாள். உள்ளே அவளுடைய நண்டு, தோலுரித்த பழம் மாதிரி மெத்தென்று பதுங்கியிருந்தது.

"அப்ப நாங்க புதைச்சது?"

"அதோட பழைய ஓடு. நண்டு வளரணும்னா ஓட்டைக் கழட்டிப் போட்டாகணும். அதுக்கு முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடும். புது ஓடு இறுகற வரைக்கும் ஒளிஞ்சிருக்கும். அந்த நேரத்துல இன்னொரு நண்டு கையில சிக்கினா கிழிச்சுத் தின்னுடும். ஆமா, இந்த ரப்பர் பேண்டை ஏன் கழட்டல?"



"பயமா இருந்துச்சுக்கா," என்றான் தம்பி.

அவள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

"நல்லவேளை, நம்ம வீட்டுல வீரன் ஒருத்தன்கூட இல்ல."