பாம்பு இல்லாத ஆட்டம்

"அப்பா, பாம்பை எடுத்துட்டா நீங்க தோத்துருவீங்க!"

அனுசுயா சொன்னதைப் பெரியகருப்பன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. பாம்பு அட்டையைத் தூக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"பாம்பு செத்துருச்சு தாயி. இப்ப ஆடு, பாப்போம்."

இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் அட்டையும் விளையாட்டுமாகத்தான் பாடம். புளியங்கொட்டைதான் சோளம்; அது தீர்ந்தால் தோல்வி. எலி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கைப்பிடி சோளம் தின்னும். பாம்பிடம் சிக்காத எலி, அடுத்த சுற்றில் இரண்டாகிவிடும். பாம்பே இல்லையென்றால் எலிக்குக் கேட்கவா வேண்டும்? பேசிக்கொண்டிருக்கும்போதே சோளம் மொத்தமும் காலி.

"சோளம் தீந்துருச்சு. இனி எலி எதைப்பா கடிக்கும்?"

பெரியகருப்பனுக்குச் சுருக்கென்றது. முதலிபாளையத்தில் அவன் காவல் காக்கும் பனியன் கம்பெனி குடோனில், துணியைக் கடிக்க வரும் எலிகளைத் தின்றுகொண்டு ஒரு சாரைப்பாம்பு இருந்தது. அன்று மதியம் தையல் பிரிவுப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு அலறிய அலறலில் வேலையே நின்றுபோனது. முதலாளி சிவசுப்பிரமணியம் மரியாதை குறையாமல்தான் சொன்னார்: "காத்தால நான் வர்றப்ப பாம்பு இருந்துச்சுன்னா, நீங்க இருக்க மாட்டீங்கண்ணா."

மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். கம்பெனி கொடுத்த இந்த ஒற்றை அறைதான் வீடு. வேலை போனால் இதுவும் போகும்.

"குடோன் பாம்பைக் கொல்லாதீங்கப்பா" என்றாள், சேதியை முன்பே கேட்டிருந்த மகள்.

"கொல்லாட்டி மொதலாளி நம்மளத் தெருவுல விட்டுருவாரு தாயி."

தடியை எடுத்துக்கொண்டு குடோனுக்குக் கிளம்பினான்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் பைக் சத்தம் கேட்டது. இத்தனை சீக்கிரம் முதலாளி வந்ததே இல்லை.

"ஏனுங்கண்ணா, பாம்பு என்னாச்சுங்க?"

"அடிச்சுட்டேன் மொதலாளி."

"நெசமாலுமா?"

"வேப்பமரத்தடியில பொதச்சுட்டேன்."

"எங்கீங்க, காட்டுங்க."

பெரியகருப்பன் தயங்கித் தயங்கி முன்னால் நடந்தான். சொன்ன வேலை முடிந்துவிட்டது என்ற பிறகும் மனுஷர் எதற்கு இப்படித் துருவித் துருவிக் கேட்கிறார்?

மரத்தடியில் புது மண்மேட்டைப் பார்த்ததும் சிவசுப்பிரமணியம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், வீட்டுக்கென்று வாங்கி வண்டியில் வைத்திருந்த பால் பாக்கெட்டை எடுத்துவந்து பல்லால் கடித்துக் கிழித்தார். செத்த பாம்புக்குப் பால் ஊற்றாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

"எம்பையனும் உங்க புள்ளையும் ஒரே வகுப்புங்கண்ணா. நேத்து பொழுதோட அட்டையப் பரப்பி என்னையும் ஆட வெச்சுட்டான். நானும் வீம்புக்குப் பாம்பை எடுத்துட்டு ஆடுனேன், நல்லாத் தோத்தேன். அடிக்க வேண்டாம்னு சொல்லத்தாங்க இப்படி ஓடியாந்தேன். வாயில்லாச் சீவனைக் கொன்ன பாவம் என்னையத்தானுங்க சேரும்."

கண் கலங்க, மேட்டின் மேல் பாலை ஊற்றினார்.

பெரியகருப்பன் மெல்ல அவர் கையைப் பிடித்தான்.

"போதும் மொதலாளி, மிச்சப் பாலை வீட்டுக்குக் கொண்டு போங்க. உள்ள கெடக்குறது வெறும் பனியன் வேஸ்ட்டு!"