அங்கப்பன் தேடிய நட்டு

காப்பி எஸ்டேட்டுகளுக்கு மருந்து தெளிக்கும் குட்டி விமானம் மலையடிவாரத் திடலில் நின்றது. பைலட் மாப்பிள்ளை தன் மாமியார் சாந்தாமேரியை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. வழியனுப்ப நாகலூரிலிருந்து உறவுக்கூட்டமே வந்திருந்தது.

மெக்கானிக் அங்கப்பன் மட்டும் புல்லைத் துழாவிக்கொண்டிருந்தான்.

"இறக்கை நட்டு ஒண்ணு குறையுதுங்க. உள்ளே விழுந்து எதுலயாச்சும் சிக்கிக்கிட்டா ஆபத்து. கிடைக்கிற வரைக்கும் வண்டியை எடுக்கக் கூடாதுங்க."

"ஏனுங்க, ஒரு நட்டுக்காகவா?" என்று சாந்தாமேரிதான் நொம்பச் சலித்துக்கொண்டாள்.

மாலைவரை தேடியும் கிடைக்கவில்லை. பயணம் ரத்து. மாப்பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜீப்பை எடுக்கப் போனதும், சாந்தாமேரி அங்கப்பனிடம் வந்து கைக்குட்டையைப் பிரித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. ஊரெல்லாம் பறக்கப்போறேன்னு சொல்லிப்புட்டேன். ஆனா நொம்பப் பயமுங்க. நீங்க டீ குடிக்கப் போனப்ப, வாலுப் பக்கமிருந்து நான்தான் இதை உருவிட்டேன்."

அங்கப்பன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

கைக்குட்டையில் இருந்தது நட்டு இல்லை. வால்பக்கத்து நட்டு கழன்றுவிடாமல் காக்கும், கொண்டை ஊசி மாதிரியான 'பின்'. காலையிலேயே மாட்டிச் சரிபார்த்துவிட்டான். மறுபடி அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டான்.

இறக்கை நட்டு மட்டும் தொலையாமல் இருந்திருந்தால், விமானம் சாந்தாமேரியோடு அப்போதே கிளம்பியிருக்கும்.