யாரும் விழவில்லை

கதாநாயகனின் முஷ்டி அடியாள் மொட்டையின் தாடையை நோக்கிப் பாய்ந்தது. மொட்டை விழவில்லை.

"கட்! யோவ் மொட்டை, ஏன்யா விழலை?" இயக்குநர் மைக்கில் கத்தினார்.

"அடி படலையே சார்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சண்டைக் காட்சியில் அடி படாது என்பது தளத்தில் எல்லோருக்கும் தெரியும். முஷ்டி நாலு விரல் தள்ளியே நின்றுவிடும். அடியாளாக வருகிறவன் தானே தலையைத் திருப்பி, தானே பறந்து போய் விழுவான். நாயகனின் வீரம் முழுவதும் விழுகிறவன் கையில்தான் இருக்கிறது.

ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்த ரவுடிக் கும்பலை நாயகன் புரட்டி எடுக்க வேண்டும். அதுதான் அன்றைய காட்சி. நாயகிக்கு டூப் போடும் பெண் ஓரமாக நின்றாள். சுழன்று சுழன்று சண்டை போடுவதால் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவள் கழுத்தில் நகக் கீறல்கள். நாயகனின் மணிக்கட்டில் கட்டு.

முந்தின நாள் மாலை, ஒத்திகை என்று சொல்லி அவளைக் கேரவனுக்குள் கூப்பிட்டு நாயகன் கதவைத் தாழிட்டான். அவன் கையைக் கடித்துக் கிழித்துவிட்டு அவள் வெளியே ஓடி வந்ததை யூனிட்டே பார்த்தது.

சண்டை மாஸ்டர் மானிட்டர் அருகே விறைப்பாக நின்றார். அவருடைய தளத்தில் உறவுமுறைக்கு இடமில்லை. பெற்ற பிள்ளையானாலும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இன்னிக்கு நீ வர வேணாம்னு சொன்னேனே?" என்றார் பம்பரத்திடம்.

"நான் ஏன் மாஸ்டர் ஒளிஞ்சிக்கணும்? தப்புப் பண்ணவங்க மேக்கப் போட்டுட்டு ஜம்முன்னு நிக்கிறாங்க."

தயாரிப்பு நிர்வாகி மாஸ்டரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார்.

"மாஸ்டர், பம்பரம் போலீசுக்குப் போறேன்னு ஒத்தைக் கால்ல நிக்குது. நீங்கதான் சொல்லி அடக்கணும். வெளிய தெரிஞ்சா யாருக்குக் கேவலம்? உங்க குடும்ப மானம்தானே காத்துல பறக்கும்? வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லலை."

"சொல்லாதீங்க, அவங்க மனசு தாங்காது. ஒரு மன்னிப்போட முடிச்சிடுவோம்."

"யாரு கேக்கணும்?"

"பம்பரம்தான். தம்பி கையை அந்தக் கடி கடிச்சிருக்கே! கேக்கலைன்னா இன்னியோட வேலை இல்லைன்னு முதலாளி சொல்லிட்டாரு."

மாஸ்டர் திரும்பி வந்தார். மொட்டையை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடி கேமரா ஓடியது.

நாயகன் குத்தினான், உதைத்தான், பாய்ந்தான். இந்த முறை ஒருவன்கூட விழவில்லை. அத்தனை பேரும் நட்ட கம்பம் மாதிரி நின்றார்கள். காற்றோடு சண்டை போட்டு நாயகனுக்கு மூச்சு வாங்கியது.

"டேய், விழுங்கடா!" என்று சீறினான்.

"பம்பரத்துக்கிட்ட மன்னிப்புக் கேளுங்க சார். பொத்து பொத்துன்னு விழுறோம்," என்றான் மொட்டை.

நாயகன் நாலு விரல் இடைவெளி விடவில்லை. குத்து மொட்டையின் உதட்டைப் பிளந்தது. மொட்டை ரத்தத்தைத் துப்பினான். கூடவே ஒரு பல்லும் வந்து விழுந்தது.

"இப்ப பட்டுச்சு சார். ஆனா விழுற அளவுக்கு இல்லை."

நாயகன் விளக்கைத் தாங்கியிருந்த இரும்புக் கம்பியைப் பிடுங்கினான். சண்டைக்கு வைத்திருக்கும் ரப்பர்க் கம்பி அல்ல அது.

"எல்லாம் உன்னால வந்ததுடி!"

பம்பரத்தின் தலையைக் குறிபார்த்து வீசினான். அவள் குனிந்தாள். பின்னாலிருந்த கண்ணாடி சில்லுச் சில்லாக நொறுங்கியது. நிமிர்ந்த வேகத்தில் அவள் முழங்கால் அவன் வயிற்றில் இறங்கியது, முழங்கை மூக்கில். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நாயகன் மல்லாந்து விழுந்தான். யாரும் கட் சொல்லவில்லை.

"மாஸ்டர்! பாத்துக்கிட்டே நிக்கிறீங்களே!" தரையில் கிடந்தபடி நாயகன் கத்தினான்.

மாஸ்டர் வந்தார். அவன் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்கி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மறு கன்னத்திலும் அறைந்தார். அவன் சுருண்டு விழுந்ததும், கட்டுப் போட்ட கையைத் தரையோடு தரையாக மிதித்தார். அவன் அலறிய பின்னும் காலை எடுக்கவில்லை.

"போதும் மாஸ்டர்." பம்பரம் அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். "செத்துத் தொலைஞ்சா நான் யார் மேல புகார் குடுக்கிறது?"

மாஸ்டரின் கால் மெல்ல விலகியது. "நட. சாட்சிக்கு நான் வரேன்."

"எங்க ஆளுங்க எல்லாரும் வர்றோம்," என்றான் மொட்டை, வாயைப் பொத்திக்கொண்டு.

நிர்வாகி குறுக்கே ஓடி வந்தார். "மாஸ்டர், யோசிச்சுப் பாருங்க. மானம் போயிடும் மாஸ்டர்!"

"அது நேத்தே போயிடுச்சுய்யா. மீட்டுட்டு வரத்தான் போறேன்."

நாயகனின் காலரைப் பிடித்து வண்டிக்குள் தள்ளிக் கதவை அறைந்து சாத்தினார் மாஸ்டர். பிறகு வீட்டுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மனைவியின் குரல் கேட்டதும், காலையிலிருந்து விறைத்திருந்த அவர் முதுகு சற்றே வளைந்தது.

"நம்ம பையனை ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன். ராத்திரி அவனுக்காக விழிச்சிட்டு உக்காந்திருக்காதே."