கைகொடுக்கும் வரிசை

ஐஸ் ஹாக்கித் தொடர் முடிந்திருந்தது. ரிக்கு கையுறைகளைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கைகொடுக்கும் வரிசையில் வந்து நின்றான்.

எதிரே தோற்றவர்களின் வரிசை நகர்ந்து வந்துகொண்டிருந்தது. அதன் வால்பக்கத்தில் அவனுடைய அண்ணன் யார்க்கோ.

"இன்னைக்கு அவனுக்குக் கை கொடுக்கப் போறேன்" என்று முன்னால் நின்ற கோல்கீப்பரிடம் சொன்னான் ரிக்கு. "எலும்பு நொறுங்குற மாதிரி."

"ஜெயிச்சாச்சுல்ல, விட்டுத் தொலைடா."

விடுவதாக இல்லை.

ஆறு வருடத்துக்கு முன்பு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய அணி ரிக்குவைக் கூப்பிட்டிருந்தது. பெட்டிகூடக் கட்டியாகிவிட்டது. அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் எதிரணியில் இருந்த யார்க்கோ அவனைக் களத்தின் ஓரச் சுவரோடு சேர்த்து மோதினான். முழங்கால் போனது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு ரிக்கு ஆட வந்தான், ஆனால் அந்த அழைப்பு திரும்ப வரவில்லை.

மோதலில் தவறில்லை என்று நடுவர் சொன்னார். யார்க்கோவும் பத்திரிகைக்காரர்களிடம், ஆட்டம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்றான். முழங்காலைக்கூட மன்னித்திருப்பான் ரிக்கு. அந்த வார்த்தையை மன்னிக்க முடியவில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு தொடரின் முடிவிலும் யார்க்கோ கையை நீட்டுவான். ரிக்கு அதைத் தாண்டி அடுத்தவனின் கையைப் பிடிப்பான். லம்பேலா சகோதரர்களின் இந்தப் பகை பின்லாந்து முழுக்கத் தெரியும். இந்த வாரம் முழுவதும் பத்திரிகைகள் எழுதியது இதைப் பற்றித்தான்.

அம்மா ஐலா இருவரின் ஆட்டத்துக்கும் வருவாள். எந்த அணியின் துண்டையும் கழுத்தில் போட்டுக்கொள்ள மாட்டாள். களத்தின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே உள்ள இருக்கையில், சாம்பல் நிறக் கோட்டு அணிந்து, யார் கோல் போட்டாலும் கைதட்டாமல் உட்கார்ந்திருப்பாள்.

இன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டம் கடைசிவரை அணிக்கு ஒரு கோல் என்று நின்றது. யார்க்கோவை இந்த வருடம் அவனுடைய பயிற்சியாளர் அதிகம் இறக்குவதில்லை. வயதாகிவிட்டது என்றார்கள். ஒரு காலத்தில் அவன் அடித்த அடியில் கோல்கீப்பர்கள் ஒதுங்கி நிற்பார்கள். இன்று இரண்டு முறை அவன் மட்டை நழுவிக் கீழே விழுந்தது.

"என்ன பெரியவரே, மட்டையைக் கையோட சேத்துக் கட்டிக்கிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே ரிக்கு அவனைக் கடந்து போனான். ரிக்குவின் அணியின் இருக்கை வரிசை முழுக்கச் சிரித்தது.

யார்க்கோ குனிந்து, இரண்டு கையாலும் மட்டையை எடுத்தான்.

ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ரப்பர் வட்டு யார்க்கோவிடம் இருந்தது. அடித்துத் தள்ளிவிட்டால் போதும். அவன் கை மட்டையிலிருந்து வழுக்கியது. ரிக்கு வட்டைப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினான்.

கோல்.

இப்போது வரிசை நெருங்கிவிட்டது. சொல்ல வேண்டியதை ரிக்கு தயாராக வைத்திருந்தான். ஆட்டம்னா அப்படித்தான் இருக்கும். அவ்வளவுதான். கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும்.

யார்க்கோ வழக்கம்போல் கையை நீட்டினான்.

ரிக்கு அதைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் நெரித்தான்.

அந்தக் கை எதிர்த்து அழுத்தவில்லை.

வலியில் இழுத்துக்கொள்ளவும் இல்லை. விரல்கள் மடங்கவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடம் குழி விழுந்து கிடந்தது. தோலுக்கு அடியில் ஏதோ ஒன்று தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

ரிக்குவுக்கு அந்தக் கையைத் தெரியும். அது அப்பாவின் கை.

அப்பாவுக்கு நோய் வலது கையில்தான் ஆரம்பித்தது. முதலில் கோட்டுப் பொத்தானைப் போட முடியவில்லை. பிறகு காபிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை. பிறகு நடை, பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. மூன்று பனிக்காலம் அம்மாதான் ஊட்டினாள், கழுவிவிட்டாள், புரட்டிப் படுக்க வைத்தாள்.

ரிக்கு பிடியைத் தளர்த்தினான். கையை விடவில்லை.

"எப்பலேர்ந்து?"

"கோடைலேர்ந்து" என்றான் யார்க்கோ. "டாக்டர்கிட்ட போனேன். அதேதான்னு சொல்லிட்டாங்க."

பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லித் தோளைத் தட்டினார்கள். ரிக்கு நகரவில்லை. வரிசை அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனது.

அப்போதுதான் அரங்கம் கவனித்தது. லம்பேலா சகோதரர்கள் கைகோத்து நிற்கிறார்கள். முதலில் ஒரு மூலையில் யாரோ கைதட்டினார்கள். பிறகு ஒரு பக்கம். பிறகு இரண்டு அணியின் ஆட்களும் எழுந்து நின்றார்கள்.

"அம்மாவுக்குத் தெரியாது" என்றான் யார்க்கோ. "நீயும் காட்டிக்காதடா. மேல பாத்துச் சிரி."

ரிக்கு நிமிர்ந்தான்.

நடுக்கோட்டுக்கு மேலே சாம்பல் நிறக் கோட்டு அணிந்த அம்மா எழுந்து நின்றிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, இத்தனை வருடத்தில் முதல் முறையாகக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ரிக்கு சிரித்தான்.

சிரித்துக்கொண்டே, இடது கையால் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துத் தன் கையைச் சுற்றி வைத்தான். அவை விரியாதபடி மேலே தன் உள்ளங்கையை மூடிப் பிடித்துக்கொண்டான்.

மேலிருந்து பார்த்தால், அண்ணன்தான் அவனை விடாமல் பிடித்திருப்பதுபோல் இருந்தது.