இடது முன்சக்கரம்

"கேட்குதா இல்லையா உனக்கு?" ஒர்னெல்லா மறுபடியும் கேட்டாள்.

அவள் கணவர் துல்லியோ காரின் இடப்பக்கம் இருந்த ஸ்டியரிங்கைத் திருப்பினார். கார் வலப்பக்க வளைவில் சாய்ந்தது. இடது முன்சக்கரத்திலிருந்து 'ஊம்ம்ம்' என்று ஓர் உறுமல். வளைவு முடிந்ததும் அடங்கியது.

"இதோ! வலது பக்கம் திரும்பினா கத்துது, இடது பக்கம் திரும்பினா அடங்குது. சக்கரத்துப் பேரிங் போச்சு, துல்லியோ. உன் காலடியிலேயே கத்துதே!"

"டயர் சத்தம். பந்தய டயர்னா ஊளையிடத்தான் செய்யும்."

"டயர் சத்தம் வளைவுக்கு வளைவு மாறுமா?"

"எத்தனை வருஷமா இந்தக் காரை ஓட்டறேன்? எனக்கே சொல்லித் தர்றியா?"

ஒர்னெல்லாவுக்குப் பந்தயத்தை நினைத்தாலே பயம். வரும் ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதைக் கார் பந்தயம். வழி நெடுக ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் பள்ளம். அந்த வேகத்தில் பேரிங் உடைந்தால் சக்கரம் தனி, கார் தனி. அப்புறம் மனுஷன்?

இவருக்கோ இப்போதெல்லாம் எதிலும் அலட்சியம். சமையலறையிலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. டி.வி.யைத் தெருவுக்கே அலறவிடுகிறார். குறைக்கச் சொன்னால் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. எல்லாம் கொழுப்பு!

"நேவியோகிட்ட விடு வண்டியை. அவன் சொல்லட்டும்," என்றாள்.

நேவியோதான் அந்தக் காருக்கு வழக்கமான மெக்கானிக். அவன் ஒர்க் ஷாப் வாசலில் மூன்று இளவட்டங்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். மூவருமே ஞாயிற்றுக்கிழமை துல்லியோவோடு போட்டி போடப் போகிறவர்கள்.

"வாங்க தலைவரே!" என்று கத்தினான் ஒருவன். "இந்த வருஷமாவது எங்களுக்கு வழிவிடக் கூடாதா? வயசாச்சே!"

"வழி வேணுமா? முந்திப் போய் எடுத்துக்கோடா!" என்றார் துல்லியோ. "ஜெயிக்க என் காது ஒண்ணு போதும். இன்ஜின் லேசா இருமினாலே எந்த ஸ்பார்க் பிளக்னு சொல்லிடுவேன். இவ என்னடான்னா பேரிங் போச்சுங்கறா!"

நேவியோ சாவியை வாங்கிக்கொண்டு ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். ஒர்னெல்லா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் துல்லியோவைப் பார்த்தான். இளவட்டங்களைப் பார்த்தான். பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

"டயர்தான், சிஞோரா," என்றான் அவளிடம் மரியாதையாக.

"முதல்ல சிஞோராவோட காதுக்கு கிரீஸ் போடு நேவியோ!" என்றான் ஓர் இளவட்டம். எல்லோரும் சிரித்தார்கள். துல்லியோ சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

ஒர்னெல்லாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒத்து ஊதுகிறான் பாவி! பெண்டாட்டி பேச்சு ஜெயித்துவிடக் கூடாது, யார் உயிர் போனால் என்ன?

"பிரேக் பேட் மட்டும் தேய்ஞ்சிருக்கு தலைவரே. வண்டி இங்கேயே இருக்கட்டும், மாத்தி வைக்கிறேன்," என்றான் நேவியோ.

"இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா உன்னைச் சும்மா விட மாட்டேன் நேவியோ," என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள்.

அதன் பிறகு அவளுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினாள். துல்லியோ மட்டும் வேளா வேளைக்குச் சாப்பிட்டுவிட்டு டி.வி.யை அலறவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பந்தய இடத்துக்குப் போகும்போது காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வலப்பக்க வளைவு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை.

அடுத்த வளைவிலும் இல்லை. அப்படியானால் பயத்தில் நானேதான் கற்பனை செய்துகொண்டேனா? ஒர்னெல்லா வாயே திறக்காமல் வந்தாள்.

பந்தயம் தொடங்கும் இடத்தில் துல்லியோ ஹெல்மெட்டை எடுக்கப் போனார். அவள் இறங்கிச் சக்கரங்களைப் பார்த்தாள். வலது முன்சக்கரத்தின் நடுவில் இருந்த பெரிய நட் துருவேறிக் கிடந்தது. இடது முன்சக்கரத்தில் அதே நட், கடையிலிருந்து வந்த மேனிக்குப் பளபளத்தது.

பந்தயக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? பேரிங்கை வெளியே எடுப்பதாக இருந்தால்தான் அந்த நட்டைக் கழற்றுவார்கள். கழற்றினதை மறுபடி போடமாட்டார்கள், புதுசுதான் போடுவார்கள்.

பந்தயம் பார்க்க வந்திருந்த நேவியோவை ஓரமாக இழுத்தாள். "பிரேக் பேட் மாத்த அந்த நட்டைத் தொடவே வேண்டாமே?"

"கத்தாதீங்க சிஞோரா. நீங்க சொன்னதுதான் சரி. சக்கரத்தைக் கையால சுத்தினா மணல் அரைக்கற மாதிரி இருந்தது. புது பேரிங் போட்டுட்டேன்."

"அப்புறம் ஏன் டயர்னு பொய் சொன்னே? அந்தப் பசங்க முன்னாடி என்னை ஏன் அவமானப்படுத்தினே?"

நேவியோ தலை குனிந்துகொண்டான்.

"அவ்வளவு சத்தத்துலயும் டயர்ங்கறாரே, அது பிடிவாதம் இல்லை சிஞோரா. அவருக்கு நிஜமாவே கேட்கலை. போன மாசம் என் கண்ணெதிர்ல, ஓடிக்கிட்டிருக்கற இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் பண்ணப் போனார். அந்தப் பசங்களுக்குத் தெரிஞ்சா ஊரே சிரிக்கும். மனுஷன் அதுக்கப்புறம் காரைத் தொடுவாரா? உங்ககிட்ட திட்டு வாங்கறது எனக்குப் பெரிசாத் தெரியலை."

ஒர்னெல்லாவுக்கு இப்போதுதான் புரிந்தது. சமையலறையிலிருந்து கூப்பிட்டது, டி.வி., தான் திட்டின திட்டு எல்லாம் வரிசையாகக் கண்முன் வந்து நின்றன.

"ஒர்னெல்லா!" துல்லியோ ஹெல்மெட்டும் கையுமாக வந்தார். பின்னாலேயே அந்த மூன்று இளவட்டங்கள். "வழியெல்லாம் வாயே திறக்கலையே? எங்கே போச்சு உன் பேரிங் சத்தம்?"

அவள் அவர் பக்கத்தில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"என் காதுலதான் ஏதோ கோளாறு. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறேன். தனியாப் போக பயமா இருக்கு, துணைக்கு நீயும் வா."