மண்டைக்குள் இடி மின்னல்

"ஏம்மா, மண்டைக்கு வெளிச்சம் போட்டா சத்தம் வருமா? அப்போ காதுல டார்ச் அடிச்சா பாட்டு வருமா?"

கட்டிலில் மல்லாந்திருந்த நோயாளி கேட்டார். ஜெல் பூசிய மொட்டைத் தலையைச் சுற்றி சென்சார்கள் பதித்த வளையம். கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

கருவியை இயக்கிய பெண் அசரவில்லை.

"மின்னல் அடிச்சா இடி கேக்குதுல்ல? அதே கதைதாங்க. லேசர் பட்டா உள்ள துளியூண்டு சூடாகி விரியும். விரியறப்ப ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு இது படம் போடும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"நம்ம காதுக்கு எட்டாது."

"வசதியாப் போச்சு. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம், காதுக்குக் கேக்காத சத்தம். புளுகறதுக்கு இதைவிடத் தோதா என்ன வேணும்?"

தலையில் கட்டி என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அவர் நம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்ததுதான் அவருக்குக் கடைசியாக ஞாபகம்; எதற்காக இங்கே கொண்டுவந்து போட்டார்கள் என்பது இன்னும் விளங்கவில்லை.

"பச்சையா ஏதோ கையில ஏத்தினீங்களே, மூளைக்குப் பெயின்ட் அடிக்கறீங்களா?"

"சாயம்ங்க. ரத்தத்தோட போய்க் கட்டியில ஒட்டிக்கும். வெளிச்சத்தை அள்ளிக் குடிக்கும். அதனால கட்டி மட்டும் சத்தமாப் பேசும். சாதா ஸ்கேன்ல கட்டி தெரிஞ்சுது, அது எங்க முடியுதுன்னு தெரியலை. ஓரம் தெரியாம டாக்டர் கத்தி வைக்க மாட்டேங்கறார்."

"ஆக, என் மண்டையில உருப்படியாப் பேசறது அந்தக் கட்டி ஒண்ணுதான்னு சொல்லு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எடுத்துக்கொண்ட அவருக்கு உற்சாகம் பிறந்தது.

"யாரு கட்டினது இந்தக் கண்றாவியை?"

"என் வீட்டுக்காரர்."

"அதானே! குறை சொன்னா முகம் சுண்டிப்போகுதே. மனுஷன் வீட்டுப் பக்கம் வருவாரா, இதோடயே குடித்தனமா?"

"இதோடதான். கல்யாண நாளன்னிக்குக்கூட லேசர் மக்கர் பண்ணுதுன்னு இங்கதான் கிடந்தார்."

"இப்படிப்பட்ட ஆளுக்கு எவன் பொண்ணு குடுத்தான்?"

"யாரும் குடுக்கலை. நானாப் போய் விழுந்தேன்."

"அப்போ முதல்ல உன் மண்டையைத்தான் ஸ்கேன் பண்ணணும்."

திரையில் படம் விழுந்தது. கலங்கின குட்டை மாதிரி ஒரே புகைமூட்டம். அவள் பொத்தான்களை மாற்றி மாற்றித் தட்டினாள்.

"என்ன, இடி மின்னலோட மழையும் வந்துடுச்சா?" என்றார் அவர். பிறகு எரிச்சலோடு, "இடது காதுக்கு மேல வளையம் தூக்கிட்டு நிக்குது பாரு. அங்க ஜெல் ஒட்டலை. நடுவுல காத்து இருந்தா சத்தம் எப்படிம்மா தாண்டும்?"

அவள் அவசரமாக அந்தப் பக்கம் குனிந்தாள். வளையத்தை அழுத்தி, ஜெல்லைப் பூசினாள். புகை விலகியது. கட்டியின் ஓரம் பேனாவால் இழுத்த கோடாகத் தெரிந்தது.

"எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" அவள் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"மண்டை என்னுது. அடுத்த வீட்டுக்காரனா வந்து சொல்லுவான்?"

அவள் அறுவை மருத்துவருக்குப் போன் செய்தாள். "ஓரம் சுத்தமாத் தெரியுது டாக்டர். ஞாபகத்துக்கான இடத்தை அழுத்திட்டு மட்டும்தான் இருக்கு, உள்ள பரவலை. எடுத்துடலாம்."

பேசி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டி எனக்கு, அழுகை உனக்கா? நல்லா இருக்கே உங்க ஆஸ்பத்திரி!" என்றவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "முதல்ல உன் வீட்டுக்காரனை என் முன்னாடி வரச் சொல்லு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணும். பெண்டாட்டியை இப்படித் தனியா அல்லாட விட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சான்?"

அவள் அவருடைய நெற்றியில் வழிந்த ஜெல்லை மெதுவாக ஒற்றி எடுத்தாள்.

"உங்க மண்டைக்குள்ளதாங்க தொலைஞ்சிருக்கார். அவரைக் கூட்டிட்டு வரத்தான் நாளைக்கு ஆபரேஷன்."